பூட்டிய நிரல்களையும் முடங்கிக் கிடக்கும் பதிவுகளையும் திறக்கச் செய்யுங்கள்: மின்னமைப்பு ஆய்வுத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மின்னமைப்பு ஆய்வாளர்களுக்கும், அவர்களுடைய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலில் உள்ள கோரிக்கை ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரிய ஒளியும் காற்றும் பெரும்பங்கு மின்சாரத்தைத் தரும் மின்கட்டமைப்பு உறுதியாக நிற்குமா, தடுமாறுமா என்பதைத் தீர்மானிக்கும் அறிவு இன்று இரண்டு இடங்களில் அடைபட்டுக் கிடக்கிறது. ஒன்று, சூரிய, காற்று மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ற அலையாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர்களுக்குள் அவற்றைத் தயாரித்தவர்கள் எழுதி வைத்திருக்கும் கட்டுப்பாட்டு நிரல்கள். மற்றொன்று, நடந்து முடிந்த மின்கோளாறுகளின்போது கருவிகள் பதிவுசெய்து, பின்னர் எவரும் பார்க்காமல் கிடங்குகளில் தங்கிவிட்ட அளவீடுகள். இவ்விரண்டையும் ஆய்வுக்குத் திறக்கச் செய்வதை உங்கள் துறையின் முதற்கடமையாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும், நிதியையும் பாராட்டையும் அதற்கேற்பத் திருப்புங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். புதிய மின்நிலையங்களை மின்கட்டமைப்போடு இணைப்பதற்கு முன் செய்யப்படும் கணினி ஆய்வுகளில் பணியாற்றும் பொறியாளர் நான். உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். அந்த நன்றியோடும் உரிமையோடும் எழுதுகிறேன்.

மின்சாரத்தை உற்பத்தி செய்வது இனிப் பெரிய புதிர் அன்று. 2010ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சூரியத் தகடுகளின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், உலகின் புதுப்பிக்கத்தக்க மின் திறனை 2030க்குள் மும்மடங்காக்கும் உறுதிமொழியை நாடுகள் ஏற்றன. அது ஏறத்தாழ 11,000 ஜிகாவாட் என்னும் இலக்கு. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் பன்னாட்டு எரிசக்தி முகமை வெளியிட்ட அறிக்கையோ, குறைந்தது 3,000 ஜிகாவாட் அளவுள்ள திட்டங்கள் இணைப்பு கிடைக்காமல் வரிசையில் காத்திருப்பதாகக் கூறியது. அந்த வரிசை நீள்வதற்கு மின்தடங்களின் பற்றாக்குறை முதற்காரணம். ஆனால் அதற்கு அடுத்த காரணத்தை நான் அன்றாடம் பார்க்கிறேன்: ஒரு நிலையத்தை இணைத்தால் என்ன நேரும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க கணினி மாதிரிகள் எங்கள் கையில் இல்லை.

ஏன் இல்லை என்பதை விளக்க, இயற்பியலில் என்ன மாறியிருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீங்கள் அறிந்ததுதான், ஆயினும் நிதிக் குழுக்களில் வேறு துறையினரும் இருப்பதால் சொல்கிறேன். அனல், நீர், அணு நிலையங்களில் பல டன் எடையுள்ள சுழலிகள் கட்டமைப்பின் அதிர்வெண்ணோடு இறுகப் பிணைந்து சுழல்கின்றன. எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென நின்றுவிட்டால், மீதமுள்ள சுழலிகள் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் தம் இயக்க ஆற்றலிலிருந்து அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. அதனால் வேகம் சற்றே குறைகிறது, அதிர்வெண் மெல்ல இறங்குகிறது, கட்டுப்பாட்டுக் கருவிகள் விழித்துக்கொண்டு செயல்படச் சில விநாடிகள் கிடைக்கின்றன. தன் முழுத் திறனில் இத்தனை விநாடிகள் ஓடினால் தீரக்கூடிய ஆற்றல் சுழலியில் இருக்கிறது என்று இந்த நிலைமத்தை அளப்பது வழக்கம். பெரும்பாலான இயந்திரங்களுக்கு அது இரண்டு முதல் ஆறு விநாடிவரை இருக்கும். இந்தச் சில விநாடிகளின்மேல்தான் ஒரு நூற்றாண்டுக்கால மின்பொறியியல் கட்டப்பட்டிருக்கிறது.

சூரிய நிலையங்களும் நவீனக் காற்றாலைகளும் மின்கலத் தொகுப்புகளும் இன்வெர்ட்டர் வழியாகவே இணைகின்றன. அங்கே சுழல்வது எதுவும் கட்டமைப்போடு நேரடியாகப் பிணைந்திருப்பதில்லை. குறைகடத்திச் சாவிகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி மின்னோட்டத்தை வடிவமைக்கின்றன. குறுக்குச்சுற்று நேரும்போது, கட்டமைப்போடு பிணைந்து சுழலும் வழக்கமான ஒத்தியங்கு மின்னாக்கி தன் இயல்பான மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு தரும். இன்வெர்ட்டரோ பெரும்பாலும் 1.1 அல்லது 1.2 மடங்குக்கு மேல் தராது, தந்தால் அதன் குறைகடத்திகள் எரிந்துபோகும். இதுவரை இயந்திரத்தின் இரும்பும் செம்பும் தீர்மானித்தவற்றை இப்போது நிரலின் வரிகள் தீர்மானிக்கின்றன. இரும்பையும் செம்பையும் அளந்து சமன்பாடாக எழுதிவிட முடியும். அந்தச் சமன்பாடுகள் உலகம் முழுவதற்கும் ஒன்றே. நிரல் அப்படியன்று. ஒரே பெயர்ப்பலகை கொண்ட இரண்டு இன்வெர்ட்டர்கள், உள்ளே பதிப்பு வேறுபட்டால், ஒரே கோளாறுக்கு இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

இதை வெறும் அச்சமாக எழுதவில்லை. கடந்த பத்து ஆண்டுகளின் பெரிய மின்தடைகளின் விசாரணை அறிக்கைகளை வரிசையாக அடுக்கிப் படித்தால் இதே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறாவளிக் காற்று உயரழுத்த மின்தடக் கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடங்களுக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்தது. அங்கிருந்த காற்றாலைகள் பலவற்றின் கட்டுப்பாட்டில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் மின்னழுத்தச் சரிவு நேர்ந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அமைப்பு இருந்தது. அதன்படியே ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் ஏழு விநாடிகளுக்குள் 456 மெகாவாட் உற்பத்தியைக் குறைத்தன. அண்டை மாநிலத்திலிருந்து வரும் இணைப்புத்தடத்தில் சுமை எகிறியது, பாதுகாப்புக் கருவி அதைத் துண்டித்தது, மாநிலத்தின் கட்டமைப்பு பிறவற்றிலிருந்து பிரிந்து தனித்தீவானது. அதிர்வெண் விநாடிக்கு ஏறத்தாழ 6 ஹெர்ட்ஸ் வேகத்தில் விழுந்ததால், சுமையைத் தானாக விலக்கிக் கட்டமைப்பைக் காப்பாற்ற வேண்டிய ரிலேக்கள் எனும் பாதுகாப்புக் கருவிகளுக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை. எட்டரை லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. அந்த மின்னமைப்பை இயக்கிய நிறுவனத்திற்கு இப்படி ஓர் எண்ணிக்கை வரம்பு நிரலில் இருப்பதே முன்னர் தெரியாது. தரப்பட்டிருந்த மாதிரிகளில் அது இல்லை. தெரிந்த பிறகு அந்த வரம்பு மாற்றப்பட்டது. கோபுரங்கள் விழுந்ததை எவராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் காற்றாலைகள் என்ன செய்யும் என்பதை முன்னரே அறிந்திருக்க முடியும் என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன், 2016 ஆகஸ்ட் 16 அன்று, தெற்கு கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயின் புகை 500 கிலோவோல்ட் மின்தடத்தில் குறுக்குச்சுற்றை உண்டாக்கியது. பாதுகாப்புக் கருவிகள் சரியாகவே வேலை செய்து பழுதை உடனே விலக்கின. இருந்தும் ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்உற்பத்தி மறைந்தது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம், இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணைத் தவறாகக் கணித்ததுதான். பழுது நேர்ந்த கணத்தில் சிதைந்துபோன மின்னலையைப் பார்த்து, அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டது என்று முடிவுகட்டி அவை உடனே துண்டித்துக்கொண்டன. உண்மையான அதிர்வெண் 59 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. கணநேர அளவீட்டை நம்பிக் காத்திராமல் துண்டித்துக்கொள்ளும் ஒரு நிரல் வரி, ஒரு பெரிய அனல் நிலையத்தின் அளவுக்கு உற்பத்தியை இழக்கச் செய்தது. இதைக் கண்டுபிடித்து எச்சரித்த பின்னரும், டெக்சாஸின் ஒடெசா பகுதியில் 2021 மே மாதத்திலும் 2022 ஜூன் மாதத்திலும் இதே வகை நிகழ்வுகள் நேர்ந்தன. இரண்டாம் முறை இழந்த சூரிய மின்உற்பத்தி மட்டும் 1,711 மெகாவாட். நிலையங்கள் துண்டித்துக்கொண்ட காரணங்கள் பலவற்றை, இணைப்பு ஆய்வுக்குத் தரப்பட்ட மாதிரிகளால் காட்டவே முடியவில்லை என்பது வட அமெரிக்க விசாரணைகள் அடுத்தடுத்துச் சுட்டிய குறை. ஆக, எங்களைப் போன்றவர்கள் செய்து ஒப்புதல் தந்த ஆய்வுகள், நடைமுறையில் இல்லாத ஓர் இயந்திரத்தையே ஆராய்ந்தவை.

2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஒரு மின்னல் தாக்குதலுக்குப் பிறகு கடற்காற்றாலைப் பண்ணை ஒன்று 737 மெகாவாட்டை இழந்ததும், ஓர் எரிவாயு நிலையமும் அதோடு சேர்ந்து நின்றதும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். காற்றாலைப் பண்ணையின் மின்னழுத்தக் கட்டுப்பாடு, வலுக்குறைந்த கட்டமைப்பில் அலைவுக்கு உள்ளானதே அங்கே நேர்ந்தது; நிரலைத் திருத்தியதும் அது சரியானது. இந்த நிகழ்வைப் பொறுத்தவரை ஒன்றை மனமாரப் பாராட்ட வேண்டும்: ஏறத்தாழ ஒரு மாதத்தில் விரிவான தொழில்நுட்ப அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. அதனால்தான் உலகெங்கும் இருக்கும் மாணவர்கள் அதைப் படித்துக் கற்கிறார்கள்.

2025 ஏப்ரல் 28 நண்பகல் 12.33க்கு ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவற்றின் பெருநிலப்பரப்புகள் முழுவதுமாக மின்சாரத்தை இழந்தபோது, மின்தடை தீர்வதற்கு முன்பே இரண்டு தரப்புகள் தீர்ப்பு எழுதிவிட்டன. சூரிய மின்சாரமே குற்றவாளி என்றது ஒரு தரப்பு. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றது மற்றொன்று. ஐரோப்பிய வல்லுநர் குழு கண்டதோ வேறு. அதிர்வெண் அலைவுகள் முன்னரே தோன்றி அடங்கின. பின்னர் மின்னழுத்தம் ஏறியது. ஏறிய மின்னழுத்தத்தால் நிலையங்கள் துண்டித்துக்கொண்டன. அத்துண்டிப்பு மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றியது. மிகை மின்னழுத்தம் அடுக்கடுக்காகப் பரவி ஐரோப்பாவில் இப்படி ஒரு முழு இருட்டடிப்பை உண்டாக்கியது அதுவே முதல்முறை என்று அந்தக் குழு பதிவுசெய்தது. அங்கிருந்த புதுப்பிக்கத்தக்க நிலையங்கள், விதிமுறைப்படி, மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் உதவும் எதிர்வினைத் திறனை மின்னழுத்தத்துக்கு ஏற்றபடி மாற்றாமல், உற்பத்தியோடு மாறாத விகிதத்தில், அதாவது நிலையான திறன்காரணியிலேயே இயங்கிக்கொண்டிருந்தன. இன்வெர்ட்டர்களால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியும். அவற்றைக் கேட்கத்தான் அப்போது விதிமுறை அமைந்திருக்கவில்லை. மின்னழுத்தத்தை அடக்கும் பொறுப்பிலிருந்த வழக்கமான நிலையங்களும் எதிர்வினைத் திறனை எதிர்பார்த்த அளவு ஈர்த்துக்கொள்ளவில்லை என்று ஸ்பெயின் அரசின் அறிக்கை கூறியது. நிலைமம், நிலைமம் என்று பத்து ஆண்டுகளாக எழுதிவந்த நம் துறையின் கவனம், மின்னழுத்தக் கட்டுப்பாடு என்னும் பழைய பாடத்தின்மேல் போதிய அளவு விழவில்லை என்பதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

இத்தனைக்குப் பிறகு ஆய்வுலகம் எதில் மும்முரமாக இருக்கிறது என்று பார்த்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. சூரியத் தகட்டிலிருந்து உச்சத் திறனைப் பறிப்பதற்கான வழிமுறைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே முதிர்ந்துவிட்டன. ஆயினும் ஏதேனும் ஓர் உயிரினத்தின் பெயரைச் சூட்டிய புதிய தேடல் வழிமுறையைக் கொண்டு அதில் ஒரு சதவீதத்தின் சிறுபகுதியைக் கூட்டிக்காட்டும் கட்டுரைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. காற்றையும் வெயிலையும் முன்கணிக்கும் ஆய்வுகள் பயனுள்ளவை. மேகக்கூட்டம் கடந்துபோகும் நிமிடங்களுக்கும் மறுநாள் திட்டமிடலுக்கும் அவை வேண்டும். ஆனால் சராசரிப் பிழையை இன்னும் ஒரு புள்ளி குறைத்தேன் என்பது மின்கட்டமைப்பை இயக்குபவருக்கு உதவுவதில்லை. ஆண்டில் மிக மோசமான அந்த ஐந்தாறு மணி நேரங்களில் முன்கணிப்பு எவ்வளவு தவறக்கூடும், எத்தனை வேகத்தில் உற்பத்தி சரியக்கூடும் என்பதே அவர் மாற்று உற்பத்தியை இருப்பாக ஒதுக்கத் தேவைப்படும் விடை. அதை நேரடியாக எதிர்கொள்ளும் ஆய்வுகள் மிகச் சில.

இதைவிட ஆழமான சிக்கல் சோதனைக்களத்தில் இருக்கிறது. நம் கட்டுரைகளில் பெரும்பாலானவை 14, 30, 118 முனைகள் (மின்தடங்கள் சந்திக்கும் இடங்கள்) கொண்ட பழக்கப்பட்ட மாதிரிக் கட்டமைப்புகளின்மேல் சோதிக்கப்படுகின்றன. இவை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இருந்த மின்கட்டமைப்பின் சில பகுதிகள். 118 முனை மாதிரி 1962 டிசம்பர் நிலையைக் காட்டுவது. அன்று அங்கே இன்வெர்ட்டர் இல்லை, கூரைச் சூரியத்தகடு இல்லை, நேர்மின்னோட்ட இணைப்பு இல்லை. ஒரு மின்னாக்கியை நீக்கிவிட்டு அந்த முனையில் ஒரு சூரிய நிலையத்தைப் பொருத்தி, அதற்கு ஒரு பாடநூல் கட்டுப்பாட்டைத் தந்து, பின்னர் நாம் முன்மொழியும் முறை அதைவிடச் சிறந்தது என்று காட்டுகிறோம். ஒப்பிடுவதற்கு இவை வசதியாக இருந்தன என்பது உண்மை. ஆனால் எங்கள் மேசைக்கு வரும் சிக்கல்கள் எவையும் அந்த 118 முனைகளில் தோன்றுவதே இல்லை.

இனி நம்பிக்கை தரும் ஆய்வுப் போக்குகளைச் சொல்கிறேன். என் கோரிக்கை அவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

கிரிட் ஃபார்மிங் எனப்படும், மின்கட்டமைப்பைத் தானே உருவாக்கித் தாங்கும் இன்வெர்ட்டர்களே இன்று இத்துறையின் மிக உயிர்ப்பான களம். வழக்கமான இன்வெர்ட்டர் வெளியிலிருக்கும் மின்னலையைக் கேட்டு, அதற்கு இசைந்து மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. ஒருவர் பிடித்த சுருதியில் மற்றவர்கள் சேர்ந்து பாடுவது போன்றது அது, சுருதி பிடிப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டால் எதைக் கேட்டுப் பாடுவது என்பதே கேள்வி. கட்டமைப்பை உருவாக்கும் இன்வெர்ட்டர் தானே ஒரு மின்னழுத்த அலையை நிறுவி, சுமை மாறும்போது மின்னாக்கியைப் போலவே உடனடியாகத் திறனைத் தருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் டால்ரிம்பிளில் 2018 முதல் 30 மெகாவாட் மின்கலத் தொகுப்பு இவ்வாறு இயங்குகிறது. 2017இல் 100 மெகாவாட்டுடன் தொடங்கிப் பின்னர் 150 மெகாவாட்டாக விரிந்த ஹார்ன்ஸ்டேல் தொகுப்பு, 2022 முதல் நிலைம ஆதரவையும் தருகிறது. ஸ்காட்லாந்தின் டெர்சலாக் காற்றாலைப் பண்ணை, வெளியிலிருந்து மின்சாரம் இன்றியே கட்டமைப்பின் ஒரு பகுதியை இருளிலிருந்து எழுப்பிக் காட்டியிருக்கிறது.

ஆயினும் இங்கே இன்னும் விடை காணாத கேள்விகள் கடினமானவை. குறுக்குச்சுற்று நேர்ந்து மின்னோட்ட வரம்பைத் தொட்ட கணத்தில் அந்த இன்வெர்ட்டர் எப்படி நடந்துகொள்ளும்? வரம்புக்குள் இருக்கும்வரை அழகாக இயங்கும் கட்டுப்பாடு, வரம்பைத் தொட்டதும் முற்றிலும் வேறொரு கருவியாகிவிடுகிறது. பழுது விலகிய பிறகு ஒத்தியக்கத்துக்குத் திரும்புமா, திரும்பாதா என்பது அந்த வரம்புக் கட்டுப்பாடு எழுதப்பட்ட விதத்தையே பொறுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் இத்தகைய இன்வெர்ட்டர்கள் நூறு, இருநூறு ஒரே கட்டமைப்பில் சேரும்போது ஒன்றோடொன்று மோதாமல் இருக்குமா? சிறு அசைவுகளுக்கான நிலைப்புக் கோட்பாட்டை நாம் நேர்த்தியாக எழுதிவிட்டோம். பெரிய அதிர்ச்சிகளுக்கான கோட்பாடு இன்னும் குழந்தைப் பருவத்திலேயே இருக்கிறது. இக்கேள்விகளுக்கு விடை தேடும் ஆய்வாளர் உண்மையான நிரல் எதையும் காணாமல், தாமே எழுதிய நிரலை வைத்துத் தாமே ஆராய வேண்டியிருப்பது பெருங்குறை.

அலைவுகளைப் பற்றிய ஆய்வு இந்தப் பூட்டைச் சுற்றிச் செல்ல ஒரு வழியைக் காட்டியிருப்பதாக நான் கருதுகிறேன். 2015 ஜூலையில் சீனாவின் ஹாமி பகுதியில் காற்றாலைகளிலிருந்து எழுந்த அலைவு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அனல் நிலையத்தின் மின்னாக்கிகளை நிறுத்திவிட்டது. சுழலித் தண்டுகளின் முறுக்கு அதிர்வைக் கண்ட பாதுகாப்புக் கருவிகள் அவற்றைத் துண்டித்தன. இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்தவர்கள், மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பை அளக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இன்வெர்ட்டரின் நிரலைத் திறந்து பார்க்காமலே, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒரு சிறு தூண்டுதலைக் கொடுத்து, அது எப்படி மறுமொழி தருகிறது என்பதை அளந்து, கட்டமைப்பின் மின்மறுப்போடு ஒப்பிட்டு அலைவு எழுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. வணிக இரகசியம் காக்கப்படுகிறது. கட்டமைப்புக்கு வேண்டிய உண்மையும் கிடைக்கிறது. ஒரே ஓர் இயக்கநிலையில் எடுத்த அளவீடு மற்ற நிலைகளுக்குப் பொருந்தாது என்ற குறை உண்டு. அதைத் தீர்ப்பது நல்ல முனைவர் பட்ட ஆய்வுகளுக்குரிய வேலை.

திறந்த பதிவுகள் என்ன தரும் என்பதற்கு ஹவாயின் கவாய் தீவு ஒரு நல்ல சான்று. 2021 நவம்பர் 21 அன்று அங்கே ஒரு மின்னாக்கி நின்றதும் 18 முதல் 20 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவு எழுந்தது. தீவின் மின்நிறுவனமும் அமெரிக்காவின் தேசிய ஆய்வகமும் சேர்ந்து, உண்மை அளவீடுகளை மாதிரிகளோடு பொருத்தி, எந்த நிலையங்கள் அலைவை வளர்த்தன, எவை அடக்கின என்று பிரித்துக் காட்டின. வெளி மின்னலையைப் பின்தொடரும் வழக்கமான வகை இன்வெர்ட்டர்கள் அலைவுக்குக் காரணமாக இருந்ததும், கட்டமைப்பை உருவாக்கும் வகை அதைத் தணித்ததும் அந்த ஒரே நிகழ்விலிருந்து தெளிவாயின. கற்பனைக் கட்டமைப்பில் நடத்தும் எத்தனையோ கணினிச் சோதனைகளைவிட அந்தச் சில விநாடிகளின் பதிவு அதிகம் கற்பித்தது.

பாதுகாப்பு ரிலேக்களைப் பற்றிய ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் காட்டும் அலட்சியம் எனக்குப் புரியவே இல்லை. பழுது எங்கே நேர்ந்தது என்பதைப் பெரிய பழுதுமின்னோட்டத்தையும் அதன் திசையையும் பார்த்தே ரிலேக்கள் இதுவரை கண்டுபிடித்தன. இன்வெர்ட்டர்கள் நிறைந்த கட்டமைப்பில் அந்த மின்னோட்டம் சிறியது. மூன்று கட்டங்களையும் ஒரேபோலத் தாக்காத சமமற்ற பழுதுகளின்போது அதன் கூறுகள் நிரலின் விருப்பப்படி அமைகின்றன. திசையறியும் ரிலே தவறான பக்கத்தைக் காட்டக்கூடும். தடத்தின் இருமுனை மின்னோட்டங்களை ஒப்பிடும் வேறுபாட்டு ரிலேக்களும், பழுதிலிருந்து புறப்படும் அலை வந்து சேரும் நேரத்தை அளக்கும் ரிலேக்களும் ஒரு வழி. பழுதின்போது இன்வெர்ட்டர் இப்படித்தான் மின்னோட்டம் தர வேண்டும் என்று விதிப்பது மற்றொரு வழி. மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ இன்வெர்ட்டர் நிலையங்களுக்காக 2022இல் வெளியிட்ட 2800 தரநிலை அத்திசையில் ஒரு தொடக்கம். மின்தடை நேராமல் காப்பதைப் போலவே, உயிர்ச்சேதம் நேராமல் காப்பதும் இந்த ரிலேக்கள்தாம். கவர்ச்சியற்ற பொருள் என்பதால் இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

மின்சேமிப்பைப் பற்றி நீளமாக எழுதவில்லை. அதற்கு நிதியும் கவனமும் தாராளமாகவே கிடைக்கின்றன. சில மணி நேரங்களுக்கு லித்தியம் மின்கலங்கள் போதும். காற்றும் வெயிலும் சேர்ந்து பல நாள் அடங்கும் காலத்துக்கு இன்னும் மலிவான விடை கிடைக்கவில்லை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். வீட்டுக் கூரைகளில் இருக்கும் சிறு நிலையங்களைப் பற்றி ஒரு சொல்: தனித்தனியே அற்பமானவை, ஆனால் அனைத்தும் ஒரே அமைப்போடு இருந்தால் ஒன்றாகவே செயல்படும். ஜெர்மனியில் கூரை இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் துண்டித்துக்கொள்ளும்படி ஒரு காலத்தில் விதிக்கப்பட்டிருந்தது. அவை பெருகிய பிறகு, அந்த ஒரே எண் ஒரே கணத்தில் பல ஆயிரம் மெகாவாட்டை அணைத்துவிடக்கூடும் என்பது புரிந்தது. 2012இல் ஆணை பிறப்பித்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைத் திருத்த வேண்டியிருந்தது. விபத்து நேர்வதற்கு முன்பே எண்ணிப் பார்த்துத் திருத்திய அரிய நிகழ்வு அது. அந்த எண் வெளிப்படையான விதிமுறையில் எழுதப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

என் கோரிக்கைக்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். நிரல் நிறுவனங்களின் உழைப்பு. அதைப் போட்டியாளர் கையில் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை என்பார்கள். மூல நிரலை வெளியிடச் சொல்லவில்லை. உண்மை நிரலிலிருந்தே தொகுக்கப்பட்டு, எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறிக்கப்பட்டு, நிலையத்தில் எடுத்த அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த மாதிரி ஒன்றை, உள்ளே பார்க்க இயலாத வடிவத்திலேனும், சுயேச்சையான ஆய்வகங்கள் இயக்கிப் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்கிறேன். நிரல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மாதிரியும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறேன். மின்கட்டமைப்பின் பதிவுகளை வெளியிட்டால் பகைவர்களுக்கு வழிகாட்டுவதாகிவிடும் என்று அதை இயக்குபவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் இடப்பெயர்களை நீக்கி, கட்டமைப்பின் வரைபடத்தைத் தராமல், மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் அலைவடிவங்களை மட்டும் வெளியிடுவதில் எவருக்கும் தீங்கு நேராது. மருத்துவத்துறை நோயாளியின் அடையாளத்தை மறைத்து ஆய்வுத் தரவைப் பகிர்வதற்கான முறைகளை எப்போதோ வகுத்துக்கொண்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மின்கட்டமைப்பின் நிலைப்பை நொடிப்பொழுதில் கணிப்போம் என்று இன்று எழுதப்படும் திட்டங்கள் அனைத்துக்கும் இந்தப் பதிவுகளே தேவை. இவை இல்லாமல் பயிற்றப்படும் கருவி, மாதிரியின் பிழைகளையே உண்மையாகக் கற்றுக்கொள்ளும்.

நிதிக் குழுக்களின் கையில் இருக்கும் நெம்புகோல் பெரியது. அடுத்த நிதி அறிவிப்பில் ஒரு விதியைச் சேருங்கள்: மின்கட்டமைப்பின் நிலைப்பைப் பற்றிய எந்த ஆய்வும், குறைந்தது ஓர் உண்மைக் கோளாறுப் பதிவின்மேலாவது தன் முறையைச் சோதித்துக் காட்ட வேண்டும், பொதுநிதியில் இயங்கும் எந்தச் செயல்விளக்க நிலையமும் தன் அளவீடுகளையும் சரிபார்த்த மாதிரியையும் ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும். மாதிரிகளைச் சரிபார்க்கும் வேலையைப் புதிதாக எதையும் கண்டுபிடிக்காத வேலை என்று தள்ளிவிடாமல், அதற்கென்றே ஒரு பங்கை ஒதுக்குங்கள். இதழாசிரியர்களாகவும் மதிப்பீட்டாளர்களாகவும் இருக்கும் ஆய்வாளர்களே, பலனளிக்காமல் போன முறைகளைப் பற்றிய கட்டுரைகளையும், வேறொருவருடைய முடிவை மீண்டும் சோதித்துப் பார்த்த கட்டுரைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர்கள் முக்காற்பங்கு வகிக்கும் புதிய பொதுச் சோதனைக் கட்டமைப்பு ஒன்றை, மிகக் குறுகிய கணங்களில் நிகழும் மின்காந்த நிலைமாற்றங்களையும் காட்டக்கூடிய அளவு விரிவாக, பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்குங்கள். அயர்லாந்து தன் கட்டமைப்பில் காற்று, சூரியம் போன்ற ஒத்தியங்காத மூலங்களின் கணநேரப் பங்குக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து படிப்படியாகச் சோதித்து உயர்த்தி 2022இல் 75 சதவீதமாக்கியது; ஒவ்வொரு படியிலும் அளந்து, சரிபார்த்து, பின்னரே அடுத்த படியில் கால்வைத்தது. அந்த 75 சதவீதத்துக்கு அப்பால் இருக்கும் இடைவெளியை எந்த மாதிரியை நம்பிக் கடப்பது என்பதே இன்று எங்கள் மேசையில் இருக்கும் கேள்வி. இணைப்பு கேட்டு அடுத்து வரும் நிலையத்தின் கோப்போடு, அந்த விடையைத் தரக்கூடிய சரிபார்த்த மாதிரியும் எங்களுக்கு வந்துசேர உதவுங்கள்.

இப்படிக்கு,
மின்கட்டமைப்பு ஆய்வுகளில் பணியாற்றும் பொறியாளர்